புள்ளலூரும் பாஸ்டனும்

எங்கள் ஊர் பழையசீவரத்துக்கு எதிரே, பாலாற்றின் அக்கரையில் இருப்பது திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் கோயிலோடு சேர்ந்து ஒரு பள்ளியும், 15 பேர் படுத்துச் சிகிச்சை பெற ஒரு ஆஸ்பத்திரியும் இருந்ததை அந்தக் கல்வெட்டிலிருந்துதான் அறிகிறோம். வைத்தியருக்கு எவ்வளவு நெல், அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மருந்து இடிப்பவருக்கு எவ்வளவு என்று எல்லாம் கணக்காக வெட்டியிருக்கிறார்கள்.

ஆனால் கல்வெட்டு ஆரம்பிப்பது ஆஸ்பத்திரியில் அல்ல, யுத்தத்தில். சாளுக்கியனைக் கூடல்சங்கமத்தில் ஓடவிட்ட பெருமையெல்லாம் வந்து முடிந்த பிறகுதான் நெல் கணக்கு வருகிறது. பள்ளிக்கூடப் புத்தகங்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடும். யார் ஜெயித்தார், யார் தோற்றார், எந்த வருஷம் என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதி வந்துவிட்டோம். நான் வருவாய்த் துறையில் காலம் கழித்தவன். அதனாலோ என்னவோ, யுத்தம் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இரண்டாம் பாதிதான். செலவு எவ்வளவு, யார் தலையில் எழுதினார்கள், யார் கட்டினார்கள்?

இந்தக் கேள்வியை எங்கள் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் சீமையை வைத்துக் கேட்டுப் பார்த்தால், பதில் நேராக அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விடுகிறது. வேடிக்கையாக இருக்கும், ஆனால் உண்மை. உத்திரமேரூர் பக்கத்து ஏரிப் பாசனக் கிராமங்களும் பாஸ்டன் துறைமுகமும் ஒரே கடன் பத்திரத்தின் இரண்டு மூலைகள்.

வந்தவாசியின் பில்

1756 முதல் 1763 வரை இங்கிலாந்தும் பிரான்சும் உலகம் பூராவும் சண்டை போட்டன. ஏழாண்டுப் போர் என்பார்கள். அமெரிக்காவில் காட்டுக்குள்ளே நடந்தது, கனடாவில் நடந்தது, ஐரோப்பாவில் நடந்தது. நம் பக்கத்தில் அதற்கு மூன்றாம் கர்நாடகப் போர் என்று பெயர். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைப் பட்டணத்தை முற்றுகை போட்டார். பிடிக்க முடியவில்லை. 1760 ஜனவரி 22-ல் உத்திரமேரூருக்குத் தெற்கே வந்தவாசியில் அவரை அயர் கூட் தோற்கடித்தார். அடுத்த வருஷம் பாண்டிச்சேரி விழுந்தது. இந்தியாவில் பிரெஞ்சு ராஜ்யக் கனவு அதோடு முடிந்தது.

இங்கிலாந்து ஜெயித்தது. ஆனால் ஜெயித்த கையோடு பில்லும் வந்தது. இங்கிலாந்தின் தேசியக் கடன் அந்த ஏழு வருஷத்தில் கிட்டத்தட்ட இரு மடங்கானது. அமெரிக்கக் குடியேற்றங்களைக் காப்பாற்றத்தானே இவ்வளவு செலவு, அவர்களும் கொஞ்சம் கொடுக்கட்டும் என்று லண்டன் பார்லிமெண்ட் நினைத்தது. 1765-ல் ஸ்டாம்ப் சட்டம் வந்தது. பத்திரம், பத்திரிகை, சீட்டுக்கட்டு வரைக்கும் முத்திரை வரி. எங்கள் பிரதிநிதி யாருமே உட்காராத சபை எங்கள் மேல் எப்படி வரி போடலாம் என்று அங்கே கொந்தளித்தார்கள். அடுத்த வருஷமே சட்டத்தை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று.

இங்கே என்ன நடந்தது? ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காகத்தான் கும்பினி சண்டை போட்டது என்று கணக்கு எழுதினார்கள். ஆகவே செலவு நவாபுடையது. நவாபிடம் ரொக்கம் ஏது? 1763-ல் சென்னையைச் சுற்றியுள்ள சீமையை ஜாகீராகக் கும்பினிக்கு எழுதிக் கொடுத்தார். பொன்னேரி, பூந்தமல்லி, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, காவாந்தண்டலம், சாலவாக்கம், உத்திரமேரூர், கருங்குழி எல்லாம் அதில் அடக்கம். சுமார் இரண்டாயிரம் கிராமங்கள். அதற்குத்தான் செங்கல்பட்டு ஜாகீர் என்று பெயர்.

ஆக ஒரே போர், ஒரே காலம், ஒரே ராஜாவின் கஜானா. அங்கே வரி போட்டவுடன் "நீ யார் போட" என்று கேட்டார்கள். இங்கே கிராமங்களைக் கைமாற்றியபோது கிராமத்தாரிடம் யாரும் கேட்கவில்லை. உத்திரமேரூரில் 919-லும் 921-லும் வாரியத் தேர்தலுக்குக் குடவோலை விதி எழுதி வைத்த சபை இருந்தது. ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கும்போது கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை என்று சட்டம் போட்டவர்கள் நம் முன்னோர்கள். 1763-க்குள் அந்தக் கல்வெட்டு மட்டும்தான் மிச்சம் இருந்தது.

ஜாகீர் கணக்கு

சொத்து கைக்கு வந்தவுடன் அளந்து பார்ப்பது மனித சுபாவம். தாமஸ் பர்னார்ட் என்ற இன்ஜினியரை வைத்து 1767 முதல் 1774 வரை கும்பினி ஜாகீர் முழுவதையும் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தது. வீடு எத்தனை, என்ன ஜாதி, ஏரி, குளம், நஞ்சை, புஞ்சை, தோப்பு, மானியம் எவ்வளவு, களத்தில் நெல் குவித்தவுடன் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எல்லாம் அதில் இருக்கிறது. கோயிலுக்கு, கணக்கப்பிள்ளைக்கு, தலையாரிக்கு, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதருக்கு, ஏரி மராமத்துக்கு என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். இதற்கு மூலமான ஓலைச் சுவடிகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கிறது. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்கைப் புத்தகமாகவே போட்டிருக்கிறார்கள். கிடைத்தால் படியுங்கள். ஒரு கிராமம் எப்படி மூச்சு விட்டது என்பது தெரியும்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். ஜாகீர் கும்பினிக்கு வந்ததே தவிர, 1780 வரை அதை நவாபுக்கே குத்தகைக்கு விட்டிருந்தார்கள். நவாப் அதைத் தன் அமல்தார்களுக்கும் குத்தகைக்காரர்களுக்கும் விட்டார். நவாபோ கும்பினி உத்தியோகஸ்தர்களிடமே அநியாய வட்டிக்குத் தனியாகக் கடன் வாங்கி, சீமை வருமானத்தை அடகு வைத்துக்கொண்டிருந்தார். அதாவது பகலில் கும்பினி வேலை, ராத்திரியில் நவாபுக்கு வட்டிக்கடை. இந்தக் கடன் விவகாரம் எவ்வளவு நாறியது என்றால், 1785-ல் எட்மண்ட் பர்க் லண்டன் பார்லிமெண்டில் மணிக்கணக்கில் இதைப் பற்றியே பேசினார். நவாப் பேரில் வந்த கடன் கோரிக்கைகளில் பெரும்பகுதியைப் பின்னால் ஒரு விசாரணைக் கமிஷன் செல்லாது என்று தள்ளியது. செல்லாத கடனுக்கும் வட்டி களத்து மேட்டிலிருந்துதான் போயிருக்கும்.

பரங்கிமலையில் ஹைதர், பாஸ்டனில் தேயிலை

1769 மார்ச் கடைசியில் மைசூர் ஹைதர் அலி குதிரைப் படையோடு திடீரென்று பரங்கிமலை அருகே வந்து நின்றார். கவர்னர் வேறு வழியில்லாமல் ஏப்ரலில் சமாதானம் எழுதிக் கொடுத்தார். ஒருவரை யாராவது தாக்கினால் மற்றவர் உதவிக்கு வர வேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து.

ஹைதர் கர்நாடகத்துக்குள் புகுந்த செய்தி அந்த வருஷம் மே மாதம் லண்டன் போய்ச் சேர்ந்தது. கும்பினியின் பங்கு விலை சரிந்தது. அடுத்து வங்காளப் பஞ்சம். 1772-ல் ஐரோப்பா முழுக்கக் கடன் நெருக்கடி. கும்பினி அரசாங்கத்திடம் கையேந்தி நின்றது. 14 லட்சம் பவுன் கடன் கொடுத்தார்கள். அதோடு கிடங்கில் தேங்கிக் கிடந்த தேயிலையை நேராக அமெரிக்காவுக்கு அனுப்பி விற்கச் சலுகையும் கொடுத்தார்கள். அதுதான் 1773-ன் தேயிலைச் சட்டம். அந்தத் தேயிலையைத்தான் டிசம்பர் 16 ராத்திரி பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகளாகக் கடலில் கொட்டினார்கள். தேயிலை சீனத்துத் தேயிலை. கப்பலில் ஏற்றி அனுப்பிய கடைக்காரன் நம் ஜாகீருக்கும் ஜாகீர்தாரன்.

ஹைதர் வந்ததால்தான் அமெரிக்கா சுதந்திரம் அடைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிற கட்டுரைகள் நிறைய சுற்றுகின்றன, நம்பாதீர்கள். ஒரே வியாபாரக் கம்பெனி இரண்டு பக்கமும் கை வைத்திருந்தது. அதனால் இங்கே விழுந்த அடி அங்கேயும், அங்கே விழுந்த அடி இங்கேயும் கேட்டது. அவ்வளவுதான்.

அங்கே மூண்ட போர் இங்கே வந்தது

1775-ல் அமெரிக்காவில் போர் மூண்டது. 1778-ல் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்தது. உடனே இங்கிலாந்து இந்தியாவிலிருந்த பிரெஞ்சு ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடிக்க ஆரம்பித்தது. அந்த வருஷம் அக்டோபரில் பாண்டிச்சேரி, 1779 மார்ச்சில் மலையாளக் கரையில் மாஹே. மாஹே ஹைதரின் பாதுகாப்பில் இருந்த ஊர். அவருக்குத் துப்பாக்கியும் வெடிமருந்தும் வந்து இறங்கிய துறை. ஏற்கெனவே மராட்டியர் தாக்கியபோது 1769 ஒப்பந்தப்படி ஆங்கிலேயர் உதவிக்கு வரவில்லை என்ற கோபம் வேறு அவருக்கு. 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியாகப் பெரும் படையோடு கீழே இறங்கினார்.

சென்னையிலிருந்து சர் ஹெக்டர் மன்றோ படையோடு காஞ்சிபுரம் வந்து முகாம் போட்டார். 1764-ல் பக்சாரில் ஜெயித்த பெரிய தளபதி. வடக்கே குண்டூர்ப் பக்கமிருந்து கர்னல் பெய்லி வந்து அவரோடு சேர வேண்டும். வழியில் கொசஸ்தலையாற்றில் வெள்ளம். பெய்லி பத்து நாள் கரையிலேயே நின்றார். அதற்குள் திப்பு அவரை வளைத்துக்கொண்டார். செப்டம்பர் 6-ல் பெரம்பாக்கத்தில் ஒரு சண்டை. அங்கிருந்து காஞ்சிபுரம் ஒரு நாள் நடைதான். பீரங்கிச் சத்தம் கேட்டும், காஞ்சிபுரத்தில் வைத்திருந்த தானியத்தையும் தளவாடத்தையும் விட்டு வர மன்றோவுக்கு மனமில்லை. கொஞ்சம் துணைப்படை மட்டும் அனுப்பினார்.

செப்டம்பர் 10 காலையில் புள்ளலூரில் எல்லாம் முடிந்தது. காஞ்சிபுரத்துக்கு வடக்கே இருக்கிற ஊர். மகேந்திரவர்ம பல்லவன் காலத்திலேயே போர் நடந்த இடமாகக் காசக்குடிச் செப்பேடு இந்த ஊரைச் சொல்கிறது. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. சுமார் 3,800 பேர் கொண்ட படை அழிந்தது அல்லது சிறைப்பட்டது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். 86 ஐரோப்பிய அதிகாரிகளில் 36 பேர் இறந்தார்கள், மற்ற 50 பேரும் பிடிபட்டார்கள் என்று ஒரு தலை விடாமல் கணக்கு இருக்கிறது. படையில் பெரும்பகுதி நம் நாட்டுச் சிப்பாய்கள். அவர்கள் கணக்கு மொத்தமாக, குத்துமதிப்பாகத்தான்.

செய்தி கேட்ட மன்றோ தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்தில் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகப் பட்டணம் திரும்பினார். காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற சாலை இன்றைக்கும் வாலாஜாபாத்தைத் தாண்டி எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அந்தப் பின்வாங்கிய படையில் 19 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அந்த வருஷம் ஜனவரியில்தான் கப்பலில் வந்து இறங்கியவன். பெயர் தாமஸ் மன்றோ. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஏரி உடைந்தால் ஊர் உடைந்தது

புள்ளலூர்ச் சண்டை ஒரு காலைப் பொழுது. 1781 ஆகஸ்டில் அதே இடத்தில் மறுபடி ஒரு சண்டை, அதுவும் ஒரு நாள். ஆனால் கிராமங்களுக்கு யுத்தம் நான்கு வருஷம் நடந்தது. பட்டணத்துக்குத் தானியம் போகக்கூடாது என்பதற்காகச் சென்னையைச் சுற்றியும் வேலூரைச் சுற்றியும் பயிரைக் கொளுத்தி, மாட்டை ஓட்டிக்கொண்டு போனது ஹைதரின் குதிரைப்படை. கும்பினிப் படையும் பாரவண்டிக்கு மாட்டைப் பிடிக்காமல் நடக்கவில்லை. எவன் படையாக இருந்தாலும் களத்தில் இருக்கும் நெல்லுக்கு ஒரே மரியாதைதான்.

எங்கள் சீமையில் ஆறு என்பது மணல். விவசாயம் என்றால் ஏரி. ஏரி என்பது சாமி கொடுத்தது அல்ல, வருஷா வருஷம் ஆள் இறங்கி வேலை செய்தால்தான் அது ஏரி. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் கரைக்கு மண் போட வேண்டும், கலங்கலைச் சரி பார்க்க வேண்டும், மதகை அடைக்க வேண்டும், வரத்துக்கால்களைத் தூர் வார வேண்டும். ஆள் ஓடிவிட்டால் ஒரு வருஷம் தாங்கும். இரண்டாம் வருஷம் ஒரு நல்ல மழைக்குக் கரை உடையும். உடைந்தால் அந்த ஏரி மட்டும் அல்ல, அதன் மறுகால் நீரை நம்பியிருக்கும் அடுத்த ஏரியும் சேர்ந்து போகும். கரையை வேண்டுமென்றே வெட்டியதும் உண்டு. யுத்தம் முடிந்தபோது ஜாகீரின் பல பகுதிகளில் எலும்பும், கூரை போன சுவர்களும் தவிர மனிதர் வாழ்ந்த அடையாளம் இல்லை என்ற கருத்தில் பின்னால் கலெக்டர் லயனல் பிளேஸ் எழுதினார். தான் வந்து சரிசெய்ததன் பெருமை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கொஞ்சம் கூட்டியும் எழுதியிருக்கலாம். பாதியைத் தள்ளினாலும் மீதி போதும்.

தப்பியவர்கள் பட்டணத்துக்கு ஓடினார்கள். பட்டணத்திலும் பஞ்சம். 1782-ல் அங்கே கஞ்சி ஊற்ற ஒரு இடம் ஏற்பட்டது. அதுதான் மணியக்காரர் சத்திரம். 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் அங்கே ஆஸ்பத்திரி தொடங்கினார். அது வளர்ந்து இன்றைக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னைப் பழைய ஆட்கள் அதைக் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்று சொல்வது ஏன் என்று இப்போது தெரிகிறதா? அந்தத் தொட்டியில் கஞ்சி வாங்கிக் குடித்தவர்களில் எத்தனை பேர் நம் பக்கத்து ஆட்களோ!

கடைசிக் குண்டு கடலூரில்

அமெரிக்காவில் கார்ன்வாலிஸ் 1781 அக்டோபர் 19-ல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்தார். அங்கே சண்டை கிட்டத்தட்ட ஓய்ந்தது. இங்கே ஓயவில்லை. 1782 டிசம்பரில் சித்தூர் அருகே ஹைதர் இறந்தார், திப்பு தொடர்ந்தார். 1783 ஜூனில் கடலூரில் தரையிலும் கடலிலும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள். ஜனவரியிலேயே ஐரோப்பாவில் சமாதானத்துக்குப் பூர்வாங்கக் கையெழுத்து ஆகிவிட்டது. செய்தி கப்பலில் வந்து சேர ஜூன் கடைசி ஆனது. ஆகவே அமெரிக்கச் சுதந்திரப் போரின் கடைசிச் சண்டை நடந்த இடம் நம் கடலூர்தான் என்று சரித்திர ஆசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். இறந்தவர்கள் முடிந்துபோன போரில் இறந்தார்கள்.

அமெரிக்கர்கள் ஹைதரை அறிந்திருந்தார்கள். பென்சில்வேனியாக்காரர்கள் ஒரு போர்க்கப்பலுக்கு "ஹைதர் அலி" என்றே பெயர் வைத்தார்கள். 1782 ஏப்ரல் 8-ல் டெலவேர் வளைகுடாவில் அந்தக் கப்பல் தன்னைவிடப் பலமான ஆங்கிலக் கப்பலைப் பிடித்தது. ஆனால் பிரான்சும் இங்கிலாந்தும் சமாதானம் ஆனவுடன் பிரெஞ்சுப் படை திப்புவை விட்டு விலகிக்கொண்டது. தனியாக நின்ற திப்பு 1784-ல் மங்களூரில் ஒப்பந்தம் செய்தார். அமெரிக்காவுக்கு ஒரு நாடு கிடைத்தது. பிரான்சுக்குக் கடன் கிடைத்தது, அந்தக் கடனே பின்னால் அந்த ராஜாவின் தலைக்கு வந்தது. நமக்கு என்ன கிடைத்தது?

நமக்குக் கார்ன்வாலிஸ் கிடைத்தார். அங்கே தோற்றவரை 1786-ல் இங்கே கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள். 1792-ல் திப்புவைத் தோற்கடித்து, பாதி ராஜ்யத்தையும் மூன்று கோடிக்கு மேல் ரூபாயையும் இரண்டு பிள்ளைகளைப் பிணையாகவும் வாங்கினார். அடுத்த வருஷம் வங்காளத்தில் ஜமீன்தாரி நிலவரித் திட்டத்தை நிரந்தரமாக்கினார்.

பில்லைக் கட்டியவர்கள்

1794-ல் ஜாகீருக்குக் கலெக்டராக வந்த பிளேஸ் ஏரிகளைப் பழுது பார்த்தார், வரியையும் ஏற்றினார். மதுராந்தகம் "ஏரி காத்த ராமர்" கதை எல்லோருக்கும் தெரியும். கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் காவல் நின்றதைப் பார்த்த துரை, தாயார் சன்னிதியைக் கட்டிக் கொடுத்தார் என்பது. அந்தத் துரை இந்தப் பிளேஸ்தான். அங்கே உள்ள கல்வெட்டிலும் கும்பினி ஜாகீர் என்ற சொல் வருகிறது. ராமரைச் சேவிக்கிறவர்கள் அந்தச் சொல்லையும் ஒரு நிமிஷம் நின்று படிக்க வேண்டும். உடைந்த ஏரிகளும் ஏறிய வரியும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன.

பிளேஸின் கெடுபிடி தாங்காமல் 1795, 96-ல் பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதாரர்கள் ஊரைக் காலி செய்துவிட்டு வெளியேறினார்கள். தேயிலையைக் கடலில் கொட்ட நமக்குத் துறைமுகம் இல்லை. நடந்து வெளியேறுவதுதான் நம் வரி மறுப்பு. கலெக்டர் சிலருடைய மிராசைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்தார்.

ஏறக்குறைய அதே வருஷங்களில் அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. புது அரசாங்கம் சுதந்திரப் போர்க் கடனை அடைக்க 1791-ல் விஸ்கிக்கு வரி போட்டது. பென்சில்வேனியா மலைக்காட்டு விவசாயிகள் கலகம் செய்தார்கள். 1794-ல் வாஷிங்டனே குதிரை ஏறிப் படையோடு புறப்பட்டார். வரி எதிர்ப்பில் பிறந்த நாடு வரிக்காகத் தன் விவசாயி மேலேயே படை எடுத்தது! ஆனால் அவர்களிடம் ஓட்டு இருந்தது. 1800 தேர்தலில் ஆட்சி மாறியது, 1802-ல் ஜெஃபர்சன் அந்த வரியை எடுத்துவிட்டார்.

அதே 1802-ல் இங்கே செங்கல்பட்டுச் சீமையைச் சின்னச் சின்ன மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். கார்ன்வாலிஸ் திட்டத்தின் நகல். எடுத்தவர்களில் பலரால் தொகை கட்ட முடியவில்லை. சில வருஷத்தில் பெரும்பாலானவை மறுபடி சர்க்காருக்கே வந்தன. கடைசியில் நிலைத்தது ரயத்துவாரி. திப்புவிடமிருந்து வாங்கிய பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில், கேப்டன் ரீடும் அவரது உதவியாளரும் ஆரம்பித்த முறை. அந்த உதவியாளர்தான் 1780-ல் காஞ்சிபுரத்திலிருந்து பின்வாங்கிய படையில் இருந்த தாமஸ் மன்றோ. 1820-ல் அவரே சென்னை கவர்னர் ஆனார். இன்றைக்கு நம் பீரோவில் இருக்கும் பட்டாவும், தாலுகா ஆபீசில் வருஷா வருஷம் நடக்கும் ஜமாபந்தியும் அவர் காலத்தில் வேர்விட்டவை. நான் சம்பளம் வாங்கிய வேலையே அந்த யுத்தங்களின் மிச்சம் என்று சொன்னால் பொய்யில்லை.

இரண்டு பக்கத்திலும் கணக்கில் வராதவர்களும் இருந்தார்கள். அமெரிக்கப் பிரகடனம் எல்லோரும் சமம் என்றது. அடிமைகளுக்கு அது பொருந்த இன்னொரு பெரிய போர் நடந்து 1865 வர வேண்டியிருந்தது. இங்கே மிராசுதாரருக்காவது வெளியேறும் உரிமை இருந்தது. அவர் நிலத்தில் படியாளாக இருந்தவருக்கு அதுவும் இல்லை. ஏரிக்கரைக்கு மண் சுமந்தது அவர், பட்டாவில் எழுதியது வேறு பெயர்.

அமெரிக்கக் கலாச்சாரத்தில் புள்ளலூரின் சிறு தடயமும் உண்டு. மைசூர்ப் படையின் இரும்புக்குழாய் ராக்கெட்டுகளை 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அதைப் பார்த்து காங்கிரீவ் என்பவர் புது ராக்கெட் செய்தார். 1814 செப்டம்பரில் பால்டிமோரில் மெக்ஹென்றி கோட்டை மேல் ஆங்கிலேயர் விட்டது அவற்றைத்தான். அதைப் பார்த்து பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய பாட்டு 1931-ல் அமெரிக்க தேசிய கீதம் ஆனது. ராக்கெட் அதில் வருகிறது. நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே பள்ளிக்கூடத்தில் அதைப் பாடுகிறார்கள். எங்கிருந்து வந்தது என்று சொல்லிக் கொடுக்க வேண்டியது நாம்தான்.

யுத்தம் ஒரு சமூகத்தை எப்படி மாற்றுகிறது என்று கேட்டால், என் பதில் இதுதான். வெற்றி தோல்வியைவிட, முடிந்த பிறகு வரும் பில்லைப் பார்த்து "ஏன்?" என்று கேட்க யாருக்கு இடம் இருக்கிறது என்பதுதான் மாற்றத்தைத் தீர்மானிக்கிறது. கேட்க முடிந்தவர்கள் ஒரு நாட்டை உண்டாக்கிக்கொண்டார்கள். கேட்க முடியாதவர்கள் ஒரு மாவட்டம் ஆனார்கள். நமக்கு அந்தக் கேள்வி கேட்கும் உரிமை வர 1947 வரை ஆயிற்று.

புள்ளலூரில் ஆங்கில அதிகாரிகளுக்கு இரண்டு நினைவு ஸ்தூபிகள் இருக்கின்றன, தொல்லியல் துறை பாதுகாக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவர் முழுக்கத் திப்பு இந்தப் போரைச் சித்திரமாக எழுதி வைத்திருக்கிறார். இரண்டு தரப்பும் தங்கள் நினைவை வைத்துவிட்டுப் போய்விட்டன. சிப்பாய்க்கும் குடியானவனுக்கும் கல் இல்லை. அவர்கள் நினைவு "ஹைதர் கலாபம்" என்ற இரண்டு வார்த்தையில், வயதானவர்கள் வாயில் மட்டும் இருந்தது. உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் இருந்தால், கலாபத்தில் உங்கள் ஊர் என்ன ஆயிற்று என்று அவருடைய தாத்தா பாட்டி ஏதாவது சொன்னார்களா என்று கேட்டு எழுதி வையுங்கள். ஊர்ப் பெயர், ஏரிப் பெயர், யார் எங்கே ஓடினார்கள், யார் திரும்பி வந்தார்கள், இது போதும்.